வட்டம் போடாத பக்கங்கள்

சங்கரன்கோவில்
12.1.2024

அன்புள்ள கனகு அக்காவுக்கு,

ஒரு புத்தகத்துக்கு முன்னால் இன்னொரு ஆள் எழுதிய நான்கு பக்கம் எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். எனக்குத் தெரியவில்லை. இதுவரை பதின்மூன்று பேருக்கு அணிந்துரை எழுதிக் கொடுத்திருக்கிறேன். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் யோசித்தேன், பதில் வரவில்லை. வாசகர் அந்தப் பக்கங்களைப் புரட்டிவிட்டு நேரே முதல் அத்தியாயத்துக்குப் போய்விடுகிறார். எழுதியவர் மட்டும்தான் அவற்றை மனப்பாடமாக வைத்திருக்கிறார். உள்ளே முனைவர் என்று ஒரு பெயர் இருந்தால் நல்லது என்பது பதிப்பாளர்களின் நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்கும் ஆதாரம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஆனாலும் எழுதித் தருகிறேன். நீங்கள் கேட்டு நான் மறுப்பதாவது. நம் தெருவைப் பற்றி ஒருவர் நாவல் எழுதுவார், அது பெரியம்மா மகளாக இருக்கும் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை.

பதிப்பாளருக்கு நீங்கள் அலைய வேண்டாம். தென்காசியில் முகம்மது அர்ஷத் என்று ஒருவர் இருக்கிறார். அட்டை வடிவமைப்பதிலிருந்து பார்சல் கட்டுவது வரை எல்லாம் அவரே. இருநூறு பிரதிதான் போடுவார், ஆனால் பிழையில்லாமல் போடுவார்.

காது மெஷின் இப்போது பரவாயில்லையா? போனில் பேச முடியாமல் போனதில் எனக்கு ஒரு லாபம், உங்கள் கையெழுத்து மறுபடி கிடைத்தது. இங்கே நானும் அவரும் நலம். குளிர் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

அன்புடன்
சுந்தரி


செம்பூர், மும்பை
3.2.2024

என் தங்கச்சி சுந்தரிக்கு அக்கா எழுதிக்கொள்வது.

முழங்காலைத் தவிர மற்ற உறுப்புகள் எல்லாம் சொன்னபடி கேட்கின்றன. உனக்கு பிரஷர் மாத்திரை ஒழுங்காகப் போகிறதா? மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். காது மெஷினைப் போட்டால் பக்கத்து வீட்டுக் குக்கர் என் மண்டைக்குள் விசில் அடிக்கிறது. கழற்றி வைத்துவிட்டேன்.

தட்டச்சுப் பிரதியை இன்றைக்கு ஸ்பீட் போஸ்டில் போட்டாயிற்று. ஒவ்வொரு அத்தியாயத்தையும் தனித்தனியாக நூல் போட்டுக் கட்டியிருக்கிறேன், சிரிக்காதே. முப்பத்தொரு வருஷம் கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில் பரீட்சைத்தாள் கட்டிய கை, சும்மா இருக்காது.

ஒரு முக்கியமான விஷயம். எனக்கு ஒரு கெட்ட பழக்கம். நிஜப் பெயர் போட்டு எழுதினால்தான் ஆள் என் முன்னால் வந்து நிற்கிறார். வேறு பெயர் வைத்தால் முகமே வரமாட்டேன் என்கிறது. அதனால் இதில் எல்லோரும் அவரவர் சொந்தப் பெயரிலேயே இருக்கிறார்கள். செத்துப்போனவர்களைப் பற்றிக் கவலை இல்லை. இருக்கிறவர்கள் யார், எங்கே எப்படி இருக்கிறார்கள் என்பது உனக்குத்தான் தெரியும். மாற்ற வேண்டிய பெயர்மேல் சிவப்புப் பேனாவால் ஒரு வட்டம் போடு. வட்டம் போட்டதை எல்லாம் மாற்றிவிட்டுத்தான் அர்ஷத் தம்பியிடம் கொடுப்பேன். போடாததை அப்படியே விட்டுவிடுவேன்.

பதினொன்றாம் அத்தியாயம் நான் கண்ணால் பார்த்தது இல்லை. எண்பத்து நாலில் கல்யாணமாகி நான் இங்கே வந்துவிட்டேன். இசக்கித்தாய் தன் புருஷன் வீட்டை விட்டுப் போனது எண்பத்தாறில். அம்மா கடிதத்தில் எழுதியதையும், லீவுக்கு வந்தபோது ஊர் சொன்னதையும் வைத்து எழுதியிருக்கிறேன். நீ அவளுக்கு அடுத்த வீட்டில் இருந்தாய். அதனால் அதை மட்டும் ரெண்டு தடவை படி. தப்பு இருந்தால் தயங்காமல் சொல்லு. வயதான காலத்தில் எழுதுகிறவளுக்குக் கோபமெல்லாம் வராது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா
கனகலட்சுமி


சங்கரன்கோவில்
11.3.2024

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும். கல்லூரியில் தர ஆய்வுக் குழு வருகிறது. பத்து நாளாகக் கோப்புகளுக்குள் கிடக்கிறோம். முழங்காலுக்கு அந்த எண்ணெய் கேட்கிறதா? இங்கே வெயில் தொடங்கிவிட்டது. எங்கள் இருவருக்கும் குறையொன்றும் இல்லை.

நாவலைப் படித்துவிட்டேன். நன்றாக வந்திருக்கிறது. வட்டம் போடும்படி எதுவும் இல்லை. அணிந்துரையை இத்துடன் வைத்திருக்கிறேன். பிரதியும் திரும்ப வருகிறது. நேரே அர்ஷத்துக்கு நீங்கள் கணினிக் கோப்பை அனுப்பிவிடலாம்.

மற்றவை பிறகு.

அன்புடன்
சுந்தரி


செம்பூர்
24.3.2024

சுந்தரிக்கு அக்கா எழுதுவது.

இன்றைக்கு முழங்கால்கூட வலிக்கவில்லை, காரணம் உன் தபால். நாலு தடவை படித்துவிட்டேன். வாசகர் புரட்டிவிட்டுப் போவார், எழுதியவள்தான் மனப்பாடம் செய்வாள் என்று நீ எழுதியது சரிதான். "இந்நூலில் வரும் ஒவ்வொரு மனிதரையும் நான் அறிவேன். அதே தெருவில் வளர்ந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், இதில் ஒரு வரியும் மிகையில்லை" என்று எழுதியிருக்கிறாயே, அதைப் படித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஊரை விட்டு வந்து நாற்பது வருஷம் ஆனவள் எழுதியதை, ஊரில் இருந்தவள் சரி என்று சொல்லிவிட்டாளே.

ஒன்று மட்டும் எனக்குச் சிரிப்பு. "மழை இந்நூல் முழுவதும் ஒரு பாத்திரமாகவே நடமாடுகிறது" என்று எழுதியிருக்கிறாய். நான் எங்கே மழை பெய்ய வைத்தேன் என்று தேடினேன். முதல் அத்தியாயத்தில் ஒரு நாள், கடைசி அத்தியாயத்தில் ஒரு நாள். நடுவில் எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். போகட்டும், குருவிகுளத்துப் பக்கம் பெய்யாத மழை உன் அணிந்துரையிலாவது பெய்யட்டும்.

பதினொன்றில்கூட ஒரு வட்டமும் இல்லையா? ஒன்றிரண்டாவது இருக்கும் என்று நினைத்தேன். நீ சொன்னால் சரி. திரும்பி வந்த கட்டை நான் பிரிக்கவே இல்லை. வட்டம் இல்லை என்றபிறகு பிரித்து என்னத்தைப் பார்ப்பது? அப்படியே அலமாரியில் வைத்துவிட்டேன். கோப்பை அர்ஷத் தம்பிக்கு அனுப்பியாயிற்று.

வெயிலில் அலையாதே. மோர் குடி.

அக்கா
கனகு


சங்கரன்கோவில்
18.6.2024

அன்புள்ள அக்காவுக்கு,

புத்தகம் வந்துவிட்டது. அட்டையில் கரிசல் காட்டுப் படம், தலைப்பு வெள்ளை எழுத்தில். அர்ஷத் நன்றாகச் செய்திருக்கிறார். உங்களுக்கு இருபது பிரதி பார்சலில் வருகிறது. இங்கே ஜூலை பதினான்கு, ஞாயிற்றுக்கிழமை, வெளியீட்டு விழா வைக்கலாம் என்று இருக்கிறோம். நீங்கள் வர முடிந்தால் நல்லது.

முப்பத்தேழு பிரதியைக் கல்லூரியிலும் தெரிந்தவர்களிடமும் கொடுத்திருக்கிறேன். விழாவில் நூல் அறிமுகம் செய்ய எங்கள் துறை மாணவி ஒருத்தியிடம் சொல்லியிருக்கிறேன். காவியா என்று பெயர், எம்.ஏ. முதல் வருடம், புளியங்குடியிலிருந்து வருகிறாள். புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை படிக்கிற பெண். இப்போது அது அபூர்வம்.

காற்று அடிக்கத் தொடங்கிவிட்டது. வெக்கை குறைந்து உடம்பு கொஞ்சம் தேறியிருக்கிறது. உங்கள் முழங்கால் எப்படி?

அன்புடன்
சுந்தரி


செம்பூர்
27.6.2024

சுந்தரிக்கு,

இருபதும் வந்து சேர்ந்தன. ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தேன், சின்னப்பிள்ளை மாதிரி. மாடியில் இருக்கும் மீரா பீவிக்கு முதல் பிரதி கொடுத்தேன். அவளுக்குத் தமிழ் படிக்க வராது, ஆனாலும் வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

விழாவுக்கு என்னால் வர முடியாது. டாக்டர் ரயில் பிரயாணமே கூடாது என்றுவிட்டார். மேடையில் எனக்காக நீயே வாங்கிக்கொள். உன்னைவிட உரிமைப்பட்டவர் யார் இருக்கிறார்கள், ஒவ்வொரு வரியையும் பார்த்தவள்.

அந்தப் பிள்ளை காவியா என்ன சொன்னாள் என்று கட்டாயம் எழுது. நல்லது சொன்னால் பாதி எழுது, குறை சொன்னால் முழுசும் எழுது. பதினொன்றாம் அத்தியாயத்தைப் பற்றி நீ இதுவரை ஒரு வார்த்தையும் எழுதவில்லை. அவளாவது சொல்கிறாளா பார்ப்போம்.

நீங்கள் ரெண்டு பேரும் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

அக்கா
கனகு


சங்கரன்கோவில்
9.7.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

விழாவைத் தள்ளிவைத்திருக்கிறோம். கோவிலில் ஆடித் தபசுக்குக் கொடி ஏறப்போகிறது. ஊரில் மண்டபம் எதுவும் கிடைக்கவில்லை. தேதி முடிவானதும் எழுதுகிறேன்.

கல்லூரியில் வேலை அதிகம்.

சுந்தரி


செம்பூர்
22.7.2024

சுந்தரிக்கு அக்கா எழுதுவது.

தபசு நேற்று முடிந்திருக்கும். கூட்டத்தில் போகாமல் வீட்டில் இருந்தாயா? பிரஷர் பார்த்தாயா?

அர்ஷத் தம்பி வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பியிருந்தார். மிச்சப் பிரதிகளை வெளியே விட வேண்டாம் என்று சுந்தரி மேடம் சொல்லிவிட்டார், காரணம் சொல்லவில்லை, உங்களுக்கு ஏதாவது தெரியுமா அம்மா என்று கேட்டிருக்கிறார். எனக்கு என்ன தெரியும்?

சுந்தரி, புத்தகத்தால் யாருக்காவது கஷ்டமா? பெயர்தான் காரணமா? பதினொன்றா? எழுதியவள் நான். யார் வந்து கேட்டாலும் என்னைக் கைகாட்டு. நீ வட்டம் போடவில்லை என்பதை நான் யாரிடமும் சொல்ல மாட்டேன்.

உடனே எழுது.

அக்கா


செம்பூர்
5.8.2024

சுந்தரிக்கு,

உன்னிடமிருந்து தபால் இல்லை. மாப்பிள்ளைக்கு மெசேஜ் போட்டேன், நீ காலேஜுக்குப் போய்வருவதாகப் பதில் வந்தது. அந்த மட்டில் நிம்மதி.

நேற்று அலமாரியிலிருந்து நீ திருப்பி அனுப்பிய கட்டை எடுத்துப் பிரித்தேன். முதல் அத்தியாயம், கடைசி அத்தியாயம், ஆறு, பதினைந்து. இந்த நாலும் ரப்பர் பேண்டில் இருக்கின்றன. மற்றதில் எல்லாம் என் நூல். பதினொன்றிலும் என் நூல், என் முடிச்சு. பரீட்சைத்தாள் முடிச்சு, ஒரு தடவை அவிழ்த்தால் மறுபடி அப்படி விழாது.

வேறொன்றும் இல்லை. முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. வேளாவேளைக்குச் சாப்பிடு.

அக்கா
கனகு


சங்கரன்கோவில்
17.8.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடைசிக் கடிதம் வந்து ஏழு நாள் ஆகிறது. மேஜைமேல் இருக்கிறது. உங்கள் உடல்நலம் விசாரிக்கக்கூட எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் விசாரிக்கிறேன். முழங்கால் எப்படி இருக்கிறது?

நான் உங்கள் நாவலைப் படிக்கவில்லை. முதல் அத்தியாயமும் கடைசியும் படித்தேன். நடுவில் ஏதோ இரண்டு. அணிந்துரைகளை எல்லாம் இப்படித்தான் எழுதிவருகிறேன். பதின்மூன்று புத்தகங்கள் போயின, ஒருவருக்கும் தெரியவில்லை. பாராட்டுகிற ஆளிடம், படித்தாயா என்று யாரும் கேட்பதில்லை. உங்கள் புத்தகத்தையாவது முழுவதும் படித்திருக்க வேண்டும். நம் தெருதானே, எனக்குத் தெரியாததா என்று நினைத்தேன். கோப்பு வேலை என்று எழுதினேன். அது உண்மைதான், ஆனால் காரணம் அதுவல்ல. பள்ளிக்கூட ஆசிரியை ஒருவர் ஓய்வுபெற்றபின் எழுதியது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். இதை எழுதும்போது கை நிற்கிறது. ஆனால் இதுதான் நடந்தது.

காவியாவைப் பற்றி எழுதச் சொல்லியிருந்தீர்கள். ஜூலை மூன்றாம் தேதி மதிய இடைவேளையில் துறை அறைக்கு வந்தாள். மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். புத்தகத்தை என் முன்னால் விரித்து வைத்து, ஒரு அரைப் பக்கத்தைக் காட்டினாள். பதினொன்றாம் அத்தியாயம். இசக்கித்தாய் ஐந்து மாதப் பெண் குழந்தையைக் கட்டிலில் போட்டுவிட்டு, காலை பஸ்ஸில் ராயகிரிக்குத் தன் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள் என்று வருகிற இடம்.

"இது எங்க அம்மா, மேடம்" என்றாள்.

நான் நம்பவில்லை. அந்தப் பெயர் நம் பக்கத்தில் தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கும் என்றேன். ராயகிரியில் சண்முகையா மகள், இடது மணிக்கட்டில் தீக்காயத் தழும்பு, இரண்டும் புத்தகத்தில் இருக்கின்றன, இரண்டும் தன் அம்மாவுக்கு இருக்கின்றன என்றாள். அம்மாவுக்கு முன்னால் ஒரு கல்யாணம் நடந்ததே அவளுக்குத் தெரியாது. தனக்கு ஒரு அக்கா பிறந்தாள் என்பதும் தெரியாது. நான் கொடுத்த புத்தகத்திலிருந்துதான் அவளுக்கு அது தெரிந்தது.

பிறகு அணிந்துரையைத் திருப்பி, அந்த வரியின்மேல் விரலை வைத்தாள். ஒரு வரியும் மிகையில்லை என்ற வரி.

"நீங்க படிச்சுட்டுத்தான மேடம் இத எழுதினீங்க?"

"ஆமா" என்றேன்.

அக்கா, இந்த 'ஆமா'வைத்தான் என்னால் ஆறு வாரமாக எழுத முடியவில்லை. இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். எதிரே நின்றது என் மாணவி. நான் ஆய்வுக்கு மூல நூலைப் பாருங்கள், மேற்கோளை நம்பாதீர்கள் என்று வகுப்பில் சொல்கிறவள். அதனால் ஆமா என்றேன். அவள் புத்தகத்தை எடுத்துப் பைக்குள் வைத்தாள், சரி மேடம் என்றாள், போய்விட்டாள். அதன்பிறகு கல்லூரிக்கு வரவில்லை. அவளுடன் பஸ்ஸில் வரும் பாத்திமா ஹனாவிடம் விசாரித்தேன். வீட்டில்தான் இருக்கிறாள், அம்மாவிடம் பேசுவதில்லையாம், காரணம் தெரியவில்லை என்றாள்.

உங்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. நீங்கள் எழுதியது தவறு. உங்கள் தவறு இல்லை, ஊர் சொன்னதை எழுதினீர்கள். இசக்கித்தாய் குழந்தையைப் போட்டுவிட்டுப் போகவில்லை. கையில் வைத்துக்கொண்டுதான் போனாள். எனக்குத் தெரியும். அவளுடைய பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம்வரை கூடப் போனது நான். எனக்குப் பத்து வயது. பஸ் வருகிற நேரத்துக்கு அவள் மாமியாரும் கொழுந்தனும் வந்தார்கள். கொழுந்தன் அவள் இரண்டு கையையும் பின்னால் பிடித்துக்கொண்டார். மாமியார் குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்தார். கண்டக்டர் விசில் அடித்தார். அவள் ஏறினாளா, ஏற்றினார்களா என்று எனக்கு நினைவில்லை. பையை ஜன்னல் வழியாகக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். வாயைத் திறக்காதே, அவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள் என்றாள். சாயங்காலத்துக்குள் கட்டில் கதை தெரு முழுவதும் வந்துவிட்டது. பெரியம்மா உங்களுக்கு எழுதியது அதைத்தான். பத்து வயதில் நான் பேசாமல் இருந்ததற்கு ஒரு காரணம் சொல்லலாம். நாற்பத்தெட்டு வயதில், கட்டின நூலை அவிழ்க்காமல், அதே கதைக்கு ஒரு வரியும் மிகையில்லை என்று கையெழுத்துப் போட்டேனே, அதற்கு எந்தக் காரணமும் சொல்ல முடியவில்லை. அந்த அத்தியாயத்தை இரண்டு தடவை படி என்றீர்கள். உலகத்தில் அதில் வட்டம் போடக்கூடிய ஒரே ஆள் நான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். காவியா காட்டிய அந்த அரைப் பக்கத்தைத் தவிர, மீதியை நான் இன்றுவரை படிக்கவில்லை. நாளைக்குப் புளியங்குடி போகலாம் என்று இருக்கிறேன். போவேனா என்று தெரியாது. போனால் என்ன நடந்தது என்பதை எழுதிவிட்டுத்தான் இந்தக் கடிதத்தை ஒட்டுவேன்.


18.8.2024, ஞாயிறு

போனேன். நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

அவர்கள் வீடு மார்க்கெட்டுக்குப் பின்னால். முன்னறை முழுவதும் எலுமிச்சம்பழம் கொட்டிக் கிடந்தது. இசக்கித்தாய் அதன் நடுவில் உட்கார்ந்து பெரியது, சின்னது, பழுத்தது என்று பிரித்துக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. காவியாவின் காலேஜ் டீச்சர் என்றேன். வாங்க டீச்சர் என்று எழுந்து தண்ணீர் கொடுத்தார். காவியா உள்ளிருந்து வந்து கதவு நிலையில் சாய்ந்து நின்றாள், என்னைப் பார்க்கவில்லை.

நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் வேறு ஏதாவது பேச ஆரம்பித்துவிடுவேன் என்று இருந்தது. அந்தப் புத்தகத்தின் முன்னால் எழுதியது நான், படிக்காமல் எழுதினேன், காவியா கேட்டபோது படித்ததாகப் பொய் சொன்னேன் என்றேன்.

"படிக்காமலா?" என்றார்.

"ஆமா."

"படிக்காமலே நாலு பக்கம் நல்லாருக்குன்னு எழுதினீயளாக்கும்." கையிலிருந்த பழத்தை ஒரு குவியலில் போட்டார். "எங்க கமிசன் கடையிலகூட மூட்டைய அவுத்துப் பாத்துட்டுத்தான் நல்ல காயின்னு சொல்லுவாவ, டீச்சர்."

எனக்கு எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். அப்பா பெயரைக் கேட்டார். சொன்னேன். அதன்பிறகு என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஏட்டி சுந்தரி. நீயா?"

"நான்தான்."

"என் பைய வச்சிக்கிட்டு நின்னியே அன்னைக்கு."

"நின்னேன்."

"எம் பிள்ளைய யாரு பிடுங்குனா? இவ முன்னால சொல்லு."

உங்கள் மாமியார் என்றேன், கொழுந்தன் கையைப் பிடித்திருந்தார் என்றேன். நேற்று உங்களுக்கு எழுதிய அத்தனையையும் சொன்னேன். காவியா கேட்டுக்கொண்டு நின்றாள். இசக்கித்தாய் அவள் பக்கம் திரும்பவே இல்லை. "ஆறு வாரமா நான் சொல்லுதேன். புக்குல போட்டுருக்கு, எங்க மேடமே படிச்சுட்டுக் கையெழுத்துப் போட்டுருக்காவன்னு மொத நாளு எங்கிட்டயே எதுத்துப் பேசினா, பெறகு வாயே தொறக்கல" என்று என்னிடம்தான் சொன்னார்.

அந்தக் குழந்தை ஒன்றரை வயதில் காய்ச்சலில் போய்விட்டதாம். ராயகிரிக்குச் செய்தி வந்தது பதினாறு நாள் கழித்து. இரண்டாவதாகக் கட்டிய பொன்னுச்சாமிக்கு எல்லாம் தெரியும். பிள்ளைகளுக்குத்தான் சொல்லவில்லை. சொல்ல ஒரு நேரம் வரும் என்று இருந்தேன், அதுக்குள்ள நீங்க ரெண்டு பேரும் சேந்து சொல்லிட்டீய என்றார். இரண்டு பேர் என்றது உங்களையும் என்னையும். அதில் உங்கள் பங்கு இல்லை என்று சொன்னேன். காதில் வாங்கினாரா, தெரியவில்லை.

பிறகு, "புக்கு இருக்கா?" என்றார். இருந்தது. "படி. கனகு என்ன எழுதியிருக்கான்னு நான் முழுசாக் கேக்கல. இவ அந்த ஒரு எடத்தத்தான் காட்டுனா."

அப்போதுதான் உட்கார்ந்தேன். பதினொன்றாம் அத்தியாயத்தை முதல் வரியிலிருந்து வாய்விட்டுப் படித்தேன். அவர் பழங்களைப் பிரித்துக்கொண்டே கேட்டார். புதுப்பெண்ணாக வந்த வாரத்தில் அவர் கிணற்றடியில் சண்டை போட்டதை நீங்கள் எழுதியிருக்கும் இடத்தில் சிரித்துவிட்டார், "இது கனகுக்கு எப்படித் தெரியும்?" என்றார். வெள்ளாடு இரண்டு இல்லை, மூன்று என்று திருத்தினார். தழும்பு அடுப்பில் பட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அடுப்பில் படவில்லை என்றார், அதற்குமேல் சொல்லவில்லை. கட்டில் வருகிற இடத்தில், "அங்கன நிறுத்து" என்றார். நாலைந்து பழத்தைப் பிரித்துப் போட்டுவிட்டு, "ம், படி" என்றார். எப்போது என்று கவனிக்கவில்லை, காவியா உள்ளே வந்து குவியலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். அவளும் பிரித்துக்கொண்டிருந்தாள்.

அக்கா, புத்தகத்திலேயே நல்ல அத்தியாயம் அதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். மற்றவற்றைப் படிக்காமல் இதைச் சொல்லக்கூடாது. படித்துவிட்டு எழுதுகிறேன்.

முடித்ததும் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். பெயரை எடு, ராயகிரியை எடு, தழும்பை எடு என்றார். பிள்ளையை நான் போட்டுவிட்டுப் போகவில்லை என்று மட்டும் இருக்க வேண்டும் என்றார். பெயரே இல்லை என்றால் அது யார் என்று யாருக்கும் தெரியாதே என்று காவியா கேட்டாள். அந்தச் சண்டைக்குப் பிறகு அம்மாவிடம் அவள் பேசிய முதல் பேச்சு அதுதான் போலிருக்கிறது. "தெரியாண்டாம். ஆனா பொய்யி இருக்கக் கூடாதுல்லா" என்றார்.

அர்ஷத்திடம் அங்கிருந்தே பேசினேன். அந்த அத்தியாயத்தை நீங்கள் மாற்றி எழுதித் தந்தால் புதிதாக அச்சிட்டுக் கட்டித் தருகிறேன் என்றார். வெளியே போன முப்பத்தேழு பிரதியையும் நானே போய் வாங்கி வருகிறேன். அணிந்துரையை எடுத்துவிடுகிறேன் என்று இசக்கித்தாயிடம் சொன்னேன்.

"என் பேரு போயிரும், உன் பேரும் போயிருமாக்கும்" என்றார். பழத்தைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். "அது இருக்கட்டும். படிக்காம எழுதினேன்னு அதுலயே எழுதிப் போடு."

சரி என்றேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் அடுத்த பழத்தை எடுத்தார். காவியா நாளை கல்லூரிக்கு வருவாளா என்று கேட்க வாய் வரவில்லை.

படிக்கத் தொடங்கியபோது மணி பத்தேகால். முடித்தபோது பதினொன்று, முக்கால் மணி நேரம்தான். அவர் இடையில் நிறுத்திப் பேசியதும் அதில் சேர்த்தி.

சுந்தரி